ரூஃபினாவின் முதல் முடி

புவனோஸ் ஐரெஸ்,
8 பிப்ரவரி 1998

மதிப்பிற்குரிய எர்மினியா சித்திக்கு,

கசில்டா யுக்ரா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் உங்கள் இல்லத்துப் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. பொத்தோசிச் சந்தையில் ரொட்டி விற்கும் தோமாசா அக்காதான் உங்கள் பெயரைச் சொல்லியனுப்பினாள். அங்கே பிள்ளைகள் எல்லாரும் உங்களைச் சித்தி என்றுதான் கூப்பிடுவார்களாம். எனக்கும் வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

போன வருஷம் மார்ச்சில் தோமாசா அக்காவின் கடைப் பலகையில் என் மகளைக் கிடத்தி, "கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள் நான்தான். அவள் பெயர் ரூஃபினா. அக்கா பிறகு அவளை உங்கள் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிட்டாளாம். அவளுடைய அப்பா அவள் பிறப்பதற்கு முன்பே சிலிப் பக்கம் போனவன், திரும்பவில்லை. சுரங்க வாசலில் கல் உடைத்து ஈயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தூசியில் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாமல், குடிசையில் ஒரு பெட்டிக்குள் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போவேன். இரண்டு வயது தாண்டியும் நிற்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. "இது தங்காது கசில்டா" என்று பக்கத்துக் குடிசைக்காரிகள் சொன்னார்கள். என் கண்முன்னால் அது நடக்க வேண்டாம் என்று ஓடிவிட்டேன். தப்புத்தான். ஆனால் அவளை வேண்டாம் என்று போடவில்லை சித்தி, அதை நீங்கள் நம்ப வேண்டும்.

எல்லை தாண்டி இங்கே வந்து, நம் ஊர்க்காரர் தோன் ஹசிந்தோவின் தையல் பட்டறையில் வேலை செய்கிறேன். அங்கேயே படுக்கை, அங்கேயே சாப்பாடு. அவள் உயிரோடு இருக்கிறாளா? சாப்பிடுகிறாளா? இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு இன்னும் முதல் முடி இறக்கவில்லை. இல்லத்தில் வெட்டிவிடாதீர்கள். நான் வந்து, நாலு பேரைக் கூப்பிட்டு, முறைப்படி செய்வேன்.

உங்கள் பணிவுள்ள,
கசில்டா

*

பொத்தோசி,
22 மார்ச் 1998

கசில்டாவுக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. பிறகு வந்தால் எழுதுகிறேன்.

உன் மகள் உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நீ உட்கார்ந்து படிக்கலாம்.

வந்தபோது அவள் அழவில்லை. பசித்தாலும் அழவில்லை, நனைந்தாலும் அழவில்லை, சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். மற்றவர்கள் "நல்ல சமத்து" என்றார்கள். அழுதால் யாரும் வருவதில்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளை அப்படித்தான் இருக்கும். கரண்டியை உதட்டில் வைத்தால் வாயைத் திறக்கக்கூடத் தெரியவில்லை. என் அறையில் பன்னிரண்டு பிள்ளைகள். இவளுக்கென்று தனியாக உட்கார எனக்கு நேரம் ஏது? துணியில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டேன். துவைக்கும்போதும் முதுகில், கூட்டும்போதும் முதுகில், பூசையிலும் முதுகில். சமையல்காரி சத்துர்நினா இருக்கிறாளே, அவள் வாய் சும்மா இருக்காது. "எர்மினியாவுக்குக் கூன் விழுந்துடுச்சு, கூன் கொட்டாவி விடுது பாருங்க" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஜூலைக் குளிரில் ஒரு காலை அவளைக் கட்டிலில் இறக்கிவிட்டுக் கழிவறைக்குப் போனேன். பின்னால் ஏதோ சத்தம். பூனை என்று நினைத்தேன். உன் மகள். நான் போய்விட்டதற்காக அழுகிறாள். ஓடிப்போய்த் தூக்க வேண்டியதுதானே, தூக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

கிறிஸ்துமசுக்கு முன்னால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதலில் பேசிய வார்த்தை "என்னோடது". அவளுடைய கரண்டியை இன்னொரு பிள்ளை எடுத்தபோது சொன்னாள். இங்கே எதுவும் யாருடையதும் இல்லை, எல்லாக் கரண்டியும் எல்லாருக்கும்தான். ஆனாலும் அந்தக் கரண்டியை அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

முடியைப் பற்றிக் கேட்டாய். வருகிற பிள்ளைக்கெல்லாம் மொட்டையடிப்பது இங்கே சட்டம். நான் சயாந்தாப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். முடி இறக்காத பிள்ளையின் தலையில் யார் கை வைக்கலாம், யார் வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். எங்கள் தலைமைச் சகோதரி இன்மாகுலாதா ஸ்பெயின்காரி, அவருக்கு இதெல்லாம் புரியாது. "இது பிள்ளைங்க இல்லமா, பேன் பண்ணையா?" என்று கத்தினார். "இந்த முடிக்கு ஆள் இருக்கு சகோதரி" என்றேன். அப்போது உன்னிடமிருந்து ஒரு கடிதமும் வந்திருக்கவில்லை. ஆள் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. தினமும் எண்ணெய் போட்டுச் சீவி, சின்னச் சின்னப் பின்னலாகப் போட்டு, நுனியில் சிவப்பு நூல் கட்டுகிறேன்.

வருவதென்றால் சீக்கிரம் வா. இந்த இல்லத்தில் ஆறு வயது வரைதான். அதற்குப் பிறகு சூக்ரேயில் இருக்கும் பெரிய இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

எர்மினியா போர்கோ

*

புவனோஸ் ஐரெஸ்,
14 ஜூன் 1998

அன்புள்ள எர்மினியா சித்திக்கு,

உங்கள் கடிதத்தைத் தையல் மெஷினுக்கு அடியில் வைத்துப் படித்துப் படித்து மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. நடக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து மெஷின்காரியிடம் "என் பொண்ணு நடக்கறாளாம்" என்றேன். "மூணு வயசுப் பிள்ளை நடக்காம பறக்குமா?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

நான் முடிவு பண்ணிவிட்டேன். ரூஃபினாவின் முடி இறக்கும்போது முதல் கொத்தை வெட்டப்போவது நீங்கள்தான். நீங்கள்தான் அவளுக்கு ஞானத்தாய். அப்படியென்றால் எனக்கு நீங்கள் கொமாத்ரே. நம் ஆட்களுக்குள் அதைவிடப் பெரிய உறவு எது? செத்தாலும் விட்டுப்போகாத உறவு. கத்தரிக்கோலுக்குக் கட்ட ரிப்பன் இப்போதே வாங்கிவைத்துவிட்டேன். இனிமேல் உங்களைக் கொமாத்ரே என்றே எழுதப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பட்டறையில் மிஞ்சிய துணியில் அவளுக்கு ஒரு ரோஸ் ஜாக்கெட் தைத்து பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அளவு தெரியாமல் கொஞ்சம் பெரிதாகத் தைத்தேன். என் அடையாள அட்டை தோன் ஹசிந்தோவின் பெட்டியில் இருக்கிறது. கேட்டால் "சீசன் முடியட்டும்" என்கிறார். அடுத்த கார்னிவலுக்குக் கட்டாயம் வந்துவிடுவேன்.

உங்கள் கொமாத்ரே,
கசில்டா

*

பொத்தோசி,
18 ஏப்ரல் 1999

அன்புள்ள கொமாத்ரே,

எழுதிவிட்டேன், பார். எழுதிவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தேன், யாராவது சிரிக்கிறார்களா என்று.

கார்னிவல் வந்தது, போனது. நீ வரவில்லை. திட்டத்தான் உட்கார்ந்தேன், உன் மகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் திட்டு மறந்துபோகிறது. இப்போது அவளுக்கு வாய் சத்துர்நினாவைவிட நீளம். நேற்று சூப்பைக் குடிக்கச் சொன்னால், "இது நேத்து சூப்பு, இன்னிக்கு சூப்பு எங்க?" என்கிறாள். சத்துர்நினா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "இவளைப் பேச வெச்ச உன்னைத்தான் உதைக்கணும் எர்மினியா" என்றாள்.

பிள்ளைகள் இங்கே ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்கள். ஒருத்தி வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டும் அம்மா. மற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அம்மா வந்து ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப்போக வேண்டும். ரூஃபினா எப்போதும் அம்மாவாகத்தான் வருவாள். உட்கார்ந்திருக்கச் சொன்னால் விளையாட்டுக்கே வரமாட்டாள்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். இந்த இல்லத்துக்கு நான் வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. இப்போது தலை நரைத்துவிட்டது. எத்தனை பிள்ளைகளை இந்த முதுகில் சுமந்தேன் என்று எனக்கே தெரியாது. எல்லாம் ஆறு வயதில் போய்விடும். போன வருஷம் சந்தையில் ஒரு பையன், மீசை முளைத்தவன், உருளைக்கிழங்கு மூட்டை தூக்கிக்கொண்டு இடித்துவிட்டுப் போனான். அவன் காலில் இருந்த சூட்டுத் தழும்பைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. அவனுக்கு என்னைத் தெரியவில்லை. எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. நீ ஞானத்தாய் என்று எழுதியபோது அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பிள்ளையாவது எனக்கு உறவாகட்டுமே என்று ஆசை வந்துவிட்டது. அதனால்தான் தினமும் அந்த முடியோடு மல்லுக்கட்டுகிறேன். வா, கசில்டா. அவளுக்காகவும் வா, எனக்காகவும் வா.

எர்மினியா

*

புவனோஸ் ஐரெஸ்,
7 நவம்பர் 1999

அன்புள்ள கொமாத்ரே,

இவ்வளவு நாள் எழுதாததற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான். பெயர் ஹோயெல். அவனுடைய அப்பா வில்பர், இதே பட்டறையில் இஸ்திரி போடுகிறவர். கெட்டவர் இல்லை. குடித்தால் மட்டும் பேச்சு மாறும். ரூஃபினா இருப்பது அவருக்குத் தெரியாது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, பிறகு சொல்லும் நாள் வரவே இல்லை. உங்கள் கடிதங்களைத் தோழி வீட்டு விலாசத்துக்கு வரவழைத்துப் படிக்கிறேன்.

இவன் இராத்திரியெல்லாம் கத்துகிறான். மற்றவர்கள் எரிச்சலில் சுவரைத் தட்டுகிறார்கள். எனக்கு மட்டும் அது சந்தோஷமாக இருக்கிறது. அது ஏன் என்று உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும்.

வருகிற ஆகஸ்டில் பர்த்தலொமேயு திருவிழாவுக்கு வருகிறேன். இந்த முறை பேச்சு மாறமாட்டேன். முடியை வெட்டிவிடாதீர்கள் கொமாத்ரே. அது இருக்கிறவரைக்கும் அவள் என் பிள்ளை என்று எனக்குள் ஒரு தைரியம்.

கசில்டா

*

பொத்தோசி,
28 மே 2000

அன்புள்ள கொமாத்ரே,

இதைப் படித்துவிட்டு உடனே பதில் போடு.

தாரிஹாவிலிருந்து ஓர் ஆசிரியர் தம்பதி பிள்ளை கேட்டு வந்தார்கள். அந்த அம்மாள் பெயர் நெலி. வருகிறவர்கள் எல்லாம் கையை நீட்டி "வா, வா" என்பார்கள். இவர் தரையில் உட்கார்ந்துகொண்டு தன் பையை மட்டும் திறந்துவைத்தார். ரூஃபினா போய்ப் பைக்குள் எட்டிப்பார்த்தாள். மறுநாள் மடியில் உட்கார்ந்தாள். தாரிஹாவில் வீட்டு முற்றத்திலேயே திராட்சை காய்க்குமாம். "அதுல ஏறலாமா?" என்று கேட்டாள். "ஏறினா கொடி ஒடிஞ்சிடும், நாங்க உன்னைத் தூக்கிக்கறோம்" என்றார் அந்த ஆசிரியர். அன்று சாப்பிடும்போது என்னிடம் வந்து, "சித்தி, அவங்க வீட்டுல எத்தனை பிள்ளைங்க?" என்றாள். "ஒண்ணும் இல்ல" என்றேன். "ஒண்ணுமே இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

நீதிபதி முன்னால் நிறுத்தினார்கள். தாய் கைவிட்ட பிள்ளை என்று அவர் எழுதிவிட்டால் தாரிஹாவுக்குப் போய்விடலாம். என்னைக் கேட்டார்கள். "தாய் இருக்கா ஐயா, எழுதறா, ஆகஸ்ட்டுல வந்து முடி இறக்கப்போறா" என்றேன். அவரும் நம் பக்கத்து ஆள், பெத்தான்சோஸ்காரர். ரூஃபினாவைக் கிட்டே கூப்பிட்டு அவள் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "முடி இறக்காத பிள்ளையை யாருமில்லாததுன்னு எழுத எனக்குக் கை வராது. இத்தனை வருஷம் முடியைக் காப்பாத்தி வெச்சிருக்காங்கன்னா வீட்டுல யாரோ காத்திருக்காங்கன்னுதான் அர்த்தம். ஆகஸ்ட் வரைக்கும் பாப்போம்" என்றார். சகோதரி இன்மாகுலாதா வெளியே வந்ததும், "முடியைப் பார்த்தா தீர்ப்பு எழுதுவாங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிருந்தது. வழியில் ரூஃபினாவுக்குச் சோளக்கஞ்சி வாங்கிக் கொடுத்து நானும் குடித்தேன்.

அந்தத் தம்பதியால் ஆகஸ்ட் வரை காத்திருக்க முடியவில்லை. ரூஃபினாவின் பக்கத்துக் கட்டில் மார்லேனியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நெலி அம்மாள் போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதே. உன் பிள்ளையை உனக்காக வைத்திருக்கிறேன். டிசம்பரில் அவளுக்கு ஆறு வயது. ஆகஸ்டில் நீ இங்கே இருக்க வேண்டும். நடந்தாவது வா.

எர்மினியா

*

லா கியாக்கா,
25 ஆகஸ்ட் 2000

கொமாத்ரே,

எல்லைப் பாலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர்ப்பக்கம் நம் நாடு. நம் ஊர்க்காரிகள் மாவு மூட்டையோடு போவதும் வருவதும் இங்கிருந்தே தெரிகிறது.

தோன் ஹசிந்தோவிடம் அழுது அட்டையை வாங்கினேன். வில்பரிடம் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று பொய் சொன்னேன். ஹோயெலை முதுகில் கட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி வந்தேன். இங்கே அதிகாரி அவனைப் பார்த்துவிட்டு, "பையன் இங்க பொறந்தவன். அப்பன் கையெழுத்து இல்லாம வெளிய விடமுடியாது. நீ வேணும்னா போ" என்றார். காலில் விழுந்தேன். "எந்திரிம்மா, எனக்கும் வேலை போயிடும்" என்று அவரும் பாவமாகத்தான் சொன்னார்.

பாலத்துக்குப் பக்கத்தில் அவித்த சோளம் விற்கிற ஒரு அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு மூணு நாள்தானே? பையனை என்கிட்ட விட்டுட்டுப் போ. என் மருமக பால் குடுப்பா, பாத்துக்கறேன்" என்றாள். நல்ல முகம். துணி முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டேன் கொமாத்ரே. "கொஞ்சம் பாத்துக்கோங்க, இதோ வந்துடறேன்" என்று என் வாய் சொன்னது. என் வாயிலிருந்து அது வந்ததை என் காது கேட்டது. மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டாவது பிள்ளையையும் ஒரு பலகையில் விட்டுவிட்டு முதல் பிள்ளையைக் கூப்பிடப் போக என்னால் முடியவில்லை. திட்டுங்கள். நெலி அம்மாள் கூட்டிப்போயிருந்தால் என்று நினைத்து நினைத்து மார் வலிக்கிறது. புவனோஸ் ஐரெஸ் பஸ் வந்துவிட்டது. அடுத்த ஆகஸ்டுக்குள் வில்பரிடம் எல்லாம் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். ரூஃபினாவிடம் ஏதாவது சொல்லிவையுங்கள்.

கசில்டா

*

பொத்தோசி,
15 ஜூலை 2001

கசில்டாவுக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்கு ஒரு வருஷமாகப் பதில் எழுதவில்லை. கோபத்தால் இல்லை. அந்தச் சோளக்காரியிடம் நீ பையனைக் கொடுக்காமல் போனது சரி என்று நினைத்தால் ரூஃபினாவின் முகம் வருகிறது. தப்பு என்று நினைத்தால் அந்தப் பையன் கிடப்பது கண்ணில் தெரிகிறது. இரண்டு பக்கமும் போகமுடியாமல் சும்மா இருந்தேன்.

திருவிழா அன்று அவள் உன் ரோஸ் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து வாசலில் நின்றாள். கை முழங்கை வரைதான் வந்தது. சகோதரி இன்மாகுலாதா பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளுக்குப் போகிற வருகிற வண்டிகளின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார். அவரை நான் இத்தனை வருஷம் புரிந்துகொள்ளவில்லை. இருட்டியதும் ரூஃபினா தானாகவே உள்ளே வந்தாள், ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து, "எனக்குச் சின்னதாயிடுச்சு" என்று சொல்லி ஒரு குட்டிப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த விளையாட்டுக்கும் போகவில்லை.

பிப்ரவரியில் சூக்ரேக்கு அனுப்பினார்கள். பெரிய பிள்ளையை யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று நீதிபதியும் வழக்குக் கட்டை மூடிவிட்டார். நான்தான் பஸ்ஸில் கொண்டுபோனேன். வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்கள். உள் முற்றத்தில் அன்று வந்த பிள்ளைகளுக்கெல்லாம் மெஷினால் மொட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் தங்களுக்குள் ஏதோ கல்யாணக் கதை பேசிக்கொண்டே அடித்தார்கள். கம்பி வழியாகப் பார்த்தேன். ரூஃபினாவின் முறை வந்தபோது, "அந்த முடிக்கு ஆள்..." என்று கத்த வாயெடுத்தேன். யாரைச் சொல்வது? அவள் தலையைக் குனிந்து காட்டினாள். விளக்குமாறால் எல்லாருடைய முடியையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள்.

போன ஞாயிறு அனுமதி வாங்கிப் பார்க்கப் போனேன். நன்றாக இருக்கிறாள், கசில்டா. கன்னம் வந்திருக்கிறது. வகுப்பில் அவள்தான் முதலாம். எனக்கு ஒரு பக்கம் தடங்கல் இல்லாமல் வாசித்துக் காட்டினாள். பெட்டியில் கிடந்த பிள்ளை வாசிக்கிறாள். அங்கே இருக்கும் மேற்பார்வைக்காரி என்னிடம், "இவளால தொந்தரவே இல்ல. ஒரு நாள்கூட அழுததில்ல" என்று பெருமையாகச் சொன்னாள். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

கொண்டுபோன பலகாரத்தை அவளிடம் கொடுத்தேன். "நன்றி சித்தி" என்று வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பார்க்க வருகிற யாரிடமும் அப்படித்தான் பேசுவாள் போல, அவ்வளவு மரியாதை. பிறகு கேட்டாள்:

"சித்தி, நீங்க என்னைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா, பாக்க வந்தீங்களா?"

நான் சம்பளத்துக்கு இருக்கிறவள். எனக்கு வீடு இல்லை, இல்லத்து மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில்தான். எந்த நீதிபதி எனக்குப் பிள்ளையைக் கொடுப்பார்? அவளிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"பாக்கத்தாண்டி கண்ணு."

"சரி. அப்ப நான் போறேன், சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கணும்" என்று எழுந்து போய்விட்டாள். மணி இன்னும் அடிக்கவில்லை.

சூக்ரே இல்லத்தின் விலாசத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து வாங்கியோ வாங்காமலோ, அவளைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் போ. பார்க்க மட்டும் என்றால் போகாதே. நானும் இனிப் போகமாட்டேன்.

எர்மினியா போர்கோ